பத்துக்கு எத்தனை

முகத்தை வைப்பதற்கென்று கட்டிலில் ஓர் ஓட்டை இருந்தது. குப்புறப் படுத்து அதற்குள் முகத்தைப் பதித்துவிட்டால் குற்றாலிங்கத்துக்கு உலகம் என்பது இரண்டு தரைக்கல்லும் அவற்றுக்கு நடுவே ஓடும் அழுக்குக் கோடும்தான். மனிதர்கள் அதில் கால்களாக வருவார்கள், கால்களாகப் போவார்கள். முதுகில் ஈரமாக எதையோ தடவி, ரப்பர் வில்லைகளை ஒட்டி, அவற்றின் வயர்களைத் தலைமாட்டுப் பெட்டியில் சொருகிவிட்டு, "அசையாம படுத்திருங்க சார், முடிஞ்சதும் அதுவே கூப்பிடும்" என்று சொல்லிக் கிளம்பின பியூலாவின் வெள்ளைச் செருப்புகள். பியூலா பிசியோதெரபி பார்க்கும் பெண். போகும்போது இடது செருப்பு மட்டும் ஒரு கணம் நின்றது. ஏன் நின்றது? சொல்ல வந்ததை விழுங்கிக்கொள்கிறவர்கள்தான் அப்படி நிற்பார்கள். குற்றாலிங்கத்துக்கு இதெல்லாம் தெரியும். இன்சூரன்ஸ் கம்பெனியில் முப்பது வருஷம் விசாரணை அதிகாரியாக இருந்தவர் அவர். விபத்தில் இடுப்பு போயிற்று, கழுத்து திரும்பவில்லை என்று நஷ்டஈடு கேட்பவர்களின் வீட்டுக்கு முன்னறிவிப்பு இல்லாமல் போய், அந்தக் கழுத்து திரும்புகிறதா என்று பார்த்துவிட்டு வருவது வேலை. தெருவில் பின்னாலிருந்து "சார்" என்று ஒரு குரல் கொடுத்தால் போதும், பாதிக் கழுத்துகள் திரும்பிவிடும். அப்படிப்பட்டவரைக் கொண்டுவந்து கவிழ்த்துப் போட்டு, முகத்தை ஓட்டைக்குள் செருகி, முதுகுக்குப் பின்னால் என்ன நடக்கிறது என்று பார்க்க முடியாதபடி செய்திருக்கிறார்கள். தற்செயலாகத்தான் செய்திருப்பார்கள். தற்செயல் என்கிற சொல்லை அவர் உத்தியோகத்தில் ஒருமுறைகூட எழுதியதில்லை. இந்தப் பெட்டி விவகாரம் இன்றோடு முடிகிறது. வருஷக்கணக்காக முதுகு வலியோடு கிடப்பவர்களை இந்தப் பாளையங்கோட்டை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிவந்து, கரண்ட் வைத்து, குறைகிறதா என்று பார்க்கும் ஆராய்ச்சி அது. பாதிப் பேருக்கு உண்மையான பெட்டி. மீதிப் பேருக்கு அதே நிறம், அதே விளக்கு, அதே சத்தம், உள்ளே ஒன்றும் ஓடாத பெட்டி. "யாருக்கு எதுன்னு எனக்கும் தெரியாது, பியூலாவுக்கும் தெரியாது, கம்ப்யூட்டருக்குத்தான் தெரியும். கடைசி நாள் நானே வந்து சொல்லுவேன்" என்று டாக்டர் ஜமால் ஆரம்பத்திலேயே சொல்லியிருந்தார். சிரித்துக்கொண்டே சொன்னார். கையெழுத்தும் வாங்கிக்கொண்டார். ஏமாற்றினாலும் ஏமாற்றுவேன் என்று முன்கூட்டியே அறிவித்து, அதற்கு எதிராளியின் சம்மதத்தையும் வாங்கிக்கொண்டு ஏமாற்றுகிறவர்களைக் குற்றாலிங்கம் அதற்கு முன் கண்டதில்லை. அந்த முறையின் மேல் அவருக்கு ஒரு மரியாதைகூட வந்தது. ஆனால் தெரியாது என்று கேட்காமலேயே சொல்கிறவருக்குத் தெரியும் என்பது பாலபாடம். இங்கே டாக்டர் அதைக் கேட்காமலேயே இரண்டு தரம் சொன்னார்.

பக்கத்துத் திரைக்கு அந்தப்புறம் ஒரு கட்டில் முனகியது. அதில் கிடப்பவர் இருதயராஜ், அரசு பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர். அவருக்கும் முதுகு, அவருக்கும் பெட்டி, அவருக்கும் இதே ஓட்டை. "அண்ணாச்சி, முழிச்சிருக்கீரா?" என்றது திரை. "குப்புறப் படுத்துத் தூங்குததுக்கு நான் என்ன கைப்பிள்ளையா வே?" என்றார் குற்றாலிங்கம் தரையைப் பார்த்து. "இல்ல, சத்தத்தக் காணமேன்னு கேட்டேன். உமக்கு ஓடுதா?" "என்னது ஓடுதா?" "கரண்டுதான். சுருசுருன்னு. எனக்கு இன்னைக்கு எடுத்த எடுப்புலயே பிச்சிக்கிட்டுப் போகுது, ஏத்தத்துல ஃபர்ஸ்ட் கியர் போட்ட வண்டி மாதிரி முதுகே அதிருது." "சரி, வலி?" "வலி அது பாட்டுக்கு இருக்கு. கரண்ட் ஒரு பக்கம் போகுது, வலி ஒரு பக்கம் போகுது, ரெண்டும் ஒண்ணையொண்ணு பாத்துக்கிடவே இல்ல." "ரூட்டு வேறயா இருக்கும்." "இருக்கும் இருக்கும்" என்று இருதயராஜ் சிரித்தார், சிரிப்பின் நடுவில் ஒரு 'ஆ' வந்தது, அது நிஜமான 'ஆ' என்று குற்றாலிங்கத்தின் காது தன்னிச்சையாகப் பதிவு செய்துகொண்டது. "உமக்கு எப்படி, சொல்லும்." "எனக்கு ஒண்ணும் ஓடல." "ஒண்ணுமேவா?" "ஒண்ணுமே." திரைக்குப் பின்னாலிருந்து வந்த குரலில் அனுதாபத்தைவிட நிம்மதி அதிகம். "அப்பம் உமக்கு டம்மிய மாட்டிட்டாங்க வே! பாவம், இத்தன நாளும் சும்மா கெடந்து எந்திரிச்சிருக்கீரு." தூரத்திலிருந்து பியூலாவின் குரல் வந்தது. "சார், மெஷினப் பத்தி ரெண்டு பேரும் பேசக் கூடாதுன்னு எத்தன தடவ சொல்லியிருக்கேன்?" "மெஷினா? நாங்க பஸ்ஸப் பத்திப் பேசுதோம் தாயி" என்றார் இருதயராஜ். பேசக் கூடாது என்பதற்கு ஒரு காரணம் இருக்கும். சாட்சிகளைத் தனித்தனியாக வைப்பது எதற்கு என்று குற்றாலிங்கத்துக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. ஆனால் சாட்சிகளைத் தனித்தனியாக வைக்க நினைப்பவர்கள் நடுவில் சுவரைக் கட்டுவார்கள், துணியைத் தொங்கவிட மாட்டார்கள். அப்படியானால் அவர்கள் பேசிக்கொள்ள வேண்டும் என்பதற்காகவே துணியா? பேசிக்கொண்டால் என்ன ஆகிறது என்பதும் ஆராய்ச்சியில் ஒரு பகுதியா?

டம்மி. அந்தச் சொல் முதுகில் ஒட்டியிருந்த வில்லைகளைவிட ஈரமாக இருந்தது. இருக்கட்டும், நிதானமாகப் பார்க்கலாம். இருதயராஜுக்குச் சுருசுருக்கிறது, வலி குறையவில்லை. தனக்குச் சுருசுருக்கவில்லை, வலி... அதற்கு அப்புறம் வரலாம். சுருசுருப்பதுதான் உண்மையான பெட்டி என்பது இருதயராஜின் தீர்மானம், ஒரு டிரைவரின் தீர்மானம், இன்ஜின் சத்தம் கேட்டால்தான் வண்டி ஓடுகிறது என்கிற கட்சி. ஆனால் போலிப் பெட்டி செய்கிறவன் என்ன செய்வான்? அவன் அல்லவா சுருசுருக்க வைப்பான்? தான் பார்த்த போலி மருத்துவச் சான்றிதழ்களில் எழுத்து எப்போதும் தெளிவாக இருக்கும், நிஜ டாக்டர் எழுதியதைத்தான் படிக்க முடியாது. அந்தக் கணக்கில் சும்மா கிடக்கும் பெட்டியே சத்தியமானது. ஆனால் அப்படி ஒருவன் நினைப்பான் என்று நினைத்தே ஒரு பெட்டியைச் சும்மா விட்டிருந்தால்? தரையில் அந்தக் கறுப்புக் கோட்டின் மேல் ஒரு தலைமயிர் கிடந்தது. யாரோ நடந்து போனால் அசையும், பிறகு அடங்கும். நீளமான மயிர், பாதி நரை. அவருடைய யோசனையும் அதைப் போலவே கொஞ்சம் பறந்து கொஞ்சம் படிந்து அதே கோட்டில் கிடந்தது. வலியில் ஆரம்பிக்கலாம். ஏழு வருஷத்துக்கு முன்னால், தென்காசி ரோட்டில் ஒரு வீட்டு முற்றத்தில், நசுங்கியதாகச் சொல்லப்பட்ட ஸ்கூட்டரின் அடியைக் குனிந்து பார்த்தபோது இடுப்பில் ஏதோ விலகியது; யாரோ உள்ளேயிருந்து கதவைத் தாழ்ப்பாள் போட்ட மாதிரி. நிமிர முடியவில்லை. ஸ்கூட்டர்க்காரனே ஆட்டோ பிடித்து ஏற்றிவிட்டான், இவர் பாசாங்கு செய்கிறாரோ என்று அவன் பார்வையில் ஒரு யோசனை ஓடியதை அந்த வேதனையிலும் இவர் கவனித்தார். ஸ்கேன் எடுத்தார்கள். படத்தில் ஒன்றும் இல்லை. வயதுக்கு ஏற்ற தேய்மானம் என்று எழுதிக் கொடுத்தார்கள். வண்டிப் பழுதுக்கான நஷ்டஈட்டில் தேய்மானத்துக்கு என்று தொகையை வெட்டி வெட்டியே பெயர் எடுத்தவருக்கு அது கொஞ்சம் அதிகப்படியான தண்டனை. படத்தில் இல்லாத வலியோடு அவர் படுத்தார். முதலில் ஓய்வுக்காக, பிறகு பயத்தால், பிறகு வேறு எப்படி இருப்பது என்று மறந்துபோனதால். படுத்தே கிடப்பவனுக்கு வீடு வேறு மாதிரி ஆகிவிடும். எந்தப் பாத்திரத்தின் மூடி எது என்று சத்தத்தில் தெரியும், அடுப்படியில் மனைவி உலகம்மாள் எந்த மனநிலையில் இருக்கிறாள் என்பது கரண்டி வைக்கும் சத்தத்தில் தெரியும், காலில் சதை கரைவது மட்டும் சத்தமில்லாமல் நடக்கும். பிறகு இங்கே வந்தபோது பியூலா கேட்டாள், "பத்துக்கு எத்தன சார்? வலியே இல்லைன்னா பூஜ்யம், நீங்க கற்பனை பண்ண முடிஞ்சதிலேயே பெரிய வலின்னா பத்து." கற்பனையா? கற்பனை குறைந்தவனுக்குச் சுளுக்கே பத்து ஆகிவிடுமே, கவிஞனாக இருந்தால் கால் போனாலும் மூன்றில் நிற்குமே, இது என்ன அளவுகோல் என்று அவர் கேட்டார். அவள் பேனாவை வைத்துக்கொண்டு காத்திருந்தாள். "ஆறரை" என்றார். "அரை கிடையாது சார், முழுசா சொல்லுங்க." காய்கறிக் கடையில்கூட அரை உண்டு. "ஏழு" என்றார், அரையை ஆஸ்பத்திரிக்கு விட்டுக்கொடுத்த கசப்போடு.

இப்போது அது ஏழு இல்லை. அதுதான் சங்கதி. மூன்று வாரத்துக்கு முன் ஒரு காலை, குளித்துவிட்டு வேட்டி கட்டிக்கொண்டிருந்தவர் சுவரைப் பிடிக்காமல் நின்றுகொண்டிருப்பதைத் தாமே கண்டுபிடித்தார். ஆள் இல்லாத வீட்டுக்குள் யாரோ உட்கார்ந்திருப்பதைப் பார்த்த மாதிரி இருந்தது. இரண்டு கையும் இடுப்பில், கால் இரண்டும் தரையில், நடுவில் இருக்க வேண்டியதைக் காணோம். மெல்லக் குனிந்து பார்த்தார். தாழ்ப்பாள் விழவில்லை. சந்தோஷம் வந்திருக்க வேண்டும், வரும் வழியில் எங்கோ சிக்கிக்கொண்டது. முதலில் வந்தது அடுப்படிப் பக்கம் ஒரு பார்வை, உலகம்மாள் பார்த்துவிட்டாளா என்று. பார்க்கவில்லை. கையைச் சுவரில் வைத்துக்கொண்டார். அன்றிலிருந்து அவர் நடிக்கிறார். வலி இருந்த ஏழு வருஷமும் நடிக்கிறார் என்று பெயர் வாங்கியவர், வலி போன பிறகு அந்தப் பெயருக்கு நியாயம் செய்துகொண்டிருக்கிறார். திறமையாகவே செய்தார். பழக்கமில்லாதவர்கள் ஒரே காலை ஒரே மாதிரி இழுப்பார்கள், தாளம் தவறாது, அதிலேயே மாட்டுவார்கள். நிஜ வலிக்குத் தாளம் கிடையாது. இவர் சில நேரம் இழுத்தார், சில நேரம் மறந்தார், மறந்ததற்குப் பிறகு கொஞ்சம் கூடுதலாகக் கஷ்டப்பட்டார். பியூலாவிடம் ஒவ்வொரு தடவையும் "ஆறு" என்றார். ஆராய்ச்சியில் தன் பொய்யும் சேர்ந்து எங்கோ ஒரு கம்ப்யூட்டரில் உண்மையாகிக்கொண்டிருக்கிறது என்று நினைக்க வெட்கமாகவும் இருந்தது, லேசாகக் குஷியாகவும் இருந்தது. எதற்காக இதெல்லாம்? பெட்டி எது என்று தெரியும் வரைக்கும்தான். உண்மையான பெட்டி என்று தெரிந்துவிட்டால் அப்புறம் தாராளமாகக் குணமாகிக்கொள்ளலாம். போலி என்று தெரிந்தால்? ஒன்றும் ஓடாத பெட்டியால் போன வலி எப்படிப்பட்ட வலி? அதை மச்சினன் மாசிலாமணி எப்போதோ சொல்லிவிட்டான். இவர்களுடைய மகள் கல்யாணத்தன்று மண்டபத்து அறையில் பெஞ்சில் இவர் சுருண்டு கிடந்தபோது, தாய்மாமனான அவன் வாசலில் நின்று நாலு பேர் கேட்கச் சொன்னான், "பெத்த பொண்ணு கல்யாணத்துக்கே அத்தான் மெடிக்கல் லீவு போட்டுட்டாரு பாருங்க. ஒண்ணுமில்லாததுக்கு என்னா நடிப்பு!" உலகம்மாள் கையில் இருந்த தட்டைக் கீழே வைத்தாள். "கூடப் பெறந்தவன்னு பாக்கேன். இனிமே என் வீட்டு வாசல மிதிச்சன்னு வையி, மரியாதையா இருக்காது" என்றாள். அதோடு சரி. அவர்களுடைய அம்மா இறந்த அன்றுகூட அக்காளும் தம்பியும் ஆளுக்கொரு மூலையில் நின்று அழுதார்கள். ஒரே தம்பி. இவருடைய இடுப்பை நம்பி அவள் அந்தத் தம்பியை விட்டாள். இப்போது டாக்டர் வந்து, சார் உங்களுக்கு வைத்தது காலிப் பெட்டி என்று சொல்லிவிட்டால், தம்பி சொன்னது சரி என்று ஆஸ்பத்திரியே முத்திரை குத்திக் கொடுத்த மாதிரி. அவள் எதற்காக அத்தனையையும் இழந்தாள் என்று கேட்டால் ஒன்றுமில்லாததுக்கு என்று சொல்ல வேண்டியிருக்கும். காலிப் பெட்டி என்றால் வாழ்நாள் முழுக்க ஆறு என்று சொல்லிக்கொண்டு சுவரைப் பிடித்து நடப்பது என்று அவர் முடிவு செய்திருந்தார். அது ஒன்றும் கஷ்டமில்லை, ஒத்திகை ஆகிவிட்டது.

டாக்டர் ஜமால் இதற்கு ஒரு சமாதானம் வைத்திருந்தார், எல்லோருக்கும் அதையே சொல்வார். "காயம் எப்பவோ ஆறிட்டு சார். நரம்புக்குத்தான் நம்பிக்கை வரல. இன்னும் ஆபத்து, ஆபத்துன்னு கத்திக்கிட்டே இருக்கு. படுத்தே கெடந்தீங்கன்னா அதோட சந்தேகம் கூடத்தான் செய்யும். அசைஞ்சு அசைஞ்சு, பாரு ஒண்ணும் ஆகல, பாரு ஒண்ணும் ஆகலன்னு அதுக்குக் காட்டணும். ஒருத்தருக்குக் காலிப் பெட்டியிலயே கொறஞ்சாலும் கொறஞ்சது நெசம், அதுக்கு முன்னால வலிச்சதும் நெசம்." சந்தேகப் புத்தியுள்ள நரம்பு. அது அவருக்குப் புரிந்தது, தம் இலாகாவைச் சேர்ந்த ஆள் ஒருவன் ஓய்வு பெற்ற பிறகும் முதுகெலும்புக்குள் உட்கார்ந்து, வருகிற போகிற எல்லாவற்றையும் நிறுத்தி விசாரித்துக்கொண்டிருக்கிறான். ஆனால் அந்தச் சமாதானம் அளவுக்கு மீறி நன்றாக இருந்தது. இரண்டு பக்கமும் நெசம் என்று தீர்ப்புச் சொல்கிற நீதிபதியை யார் நம்புவார்கள்? மாசிலாமணியிடம் போய் நரம்புக்கு நம்பிக்கை வரவில்லை என்று சொன்னால் அவன் என்ன சொல்வான் என்பது அவன் குரலிலேயே கேட்டது. அப்புறம் இன்னொரு பயம், இதை அவர் பகலில் யோசிப்பதில்லை, குப்புறக் கிடந்தால் தானாக வருகிறது: பெட்டி இன்றோடு நிற்கிறது, நாளை வலி திரும்பி வந்தால்? வந்தால் பெட்டி உண்மை என்று நிரூபணம், மானம் தப்பியது. வராவிட்டால் உடம்பு தப்பியது. எது வேண்டும் என்று யாரோ கேட்டது போல அவர் உடனே பதில் சொல்லாமல் இருந்தார், பதில் சொல்லாமல் இருந்ததைக் கவனித்துத் திடுக்கிட்டார், திடுக்கிட்டதில் முதுகுத் தோல் வில்லைகளுக்கு அடியில் சுருங்கியது. சுருசுருத்ததா? இல்லை, சுருங்கியதுதான். இல்லை, லேசாக... மூச்சைப் பிடித்துக்கொண்டு கேட்டார், முதுகால் கேட்டார். ஒன்றும் இல்லை. வெளி வராந்தாவில் உலகம்மாளின் குரல் கேட்டது, யாரோ ஒரு பெண்ணிடம் பேசிக்கொண்டிருக்கிறாள், இருதயராஜின் மனைவியாக இருக்கும். மின்விசிறிச் சத்தம் வார்த்தைகளை நறுக்கி நறுக்கி அனுப்பியது. "...ராத்திரிதான் தாங்க முடியல... எந்தப் பக்கம் திரும்பினாலும்... யார்ட்ட சொல்ல, சொல்லி என்ன ஆகப் போகுது..." மற்றவள் ஏதோ சொல்ல, உலகம்மாள் சிரித்தாள். என்ன தாங்க முடியவில்லை? எதற்குச் சிரிப்பு? எந்தப் பக்கம் திரும்பினாலும் இவருடைய முகம் என்கிறாளா? நேற்று இவர் ஜன்னலுக்கு எட்டிக் கொக்கியைப் போட்டபோது கூடத்தில் யாரும் இல்லை என்றுதானே நினைத்தார். பார்த்திருப்பாள். பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் இருக்கிறாள். தெரிந்துகொண்டு, தெரியாத மாதிரி கையைக் கொடுத்து எழுப்பி, குளிக்க வெந்நீர் வைத்து, இரண்டு பேரும் ஒருவருக்கொருவர் நடித்துக்கொண்டு... ஒருவேளை அவள் நம்பியதே இல்லையோ? தம்பியைத் துரத்தியது நம்பிக்கையால் இல்லை, சபையில் மானத்துக்காக என்றால்? அப்படியானால் இவர் காப்பாற்றிக்கொண்டிருப்பது எதை? தரையில் அந்த மயிர் நகர்ந்து கோட்டைத் தாண்டியது. பெட்டி கூப்பிட்டது.

வெள்ளைச் செருப்புகள் வந்தன. வில்லைகள் ஒவ்வொன்றாக உரிந்தன. "அவ்வளவுதான் சார், முடிஞ்சுது. டாக்டர் வந்துக்கிட்டிருக்கார். கூட வந்தவங்க யாரும்மா, வந்து பிடிங்க" என்றாள் பியூலா. இந்த ஆஸ்பத்திரியில் நோயாளியைப் படுக்கவைப்பது விஞ்ஞானம், எழுப்பி உட்காரவைப்பது குடும்பம். உலகம்மாளின் ரப்பர் செருப்பு ஓட்டைக்குள் தெரிந்தது. எப்போதும் போலக் கட்டிலின் வலது பக்கம் வந்து நின்றது. நின்று, கொஞ்சம் யோசித்து, கட்டிலைச் சுற்றிக்கொண்டு இடது பக்கம் போனது. ஏன்? ஏழு வருஷமாக அவளுக்கு வலது பக்கம்தான் பக்கம். அங்கிருந்து முகம் சரியாகத் தெரியும் என்றா? சோதிக்கிறாளா? சரி, சோதிக்கட்டும். அவர் தம் வித்தை முழுவதையும் திரட்டிக்கொண்டார். முனகலை மூக்கில் ஆரம்பித்துத் தொண்டையில் முடித்தார். ஒருக்களித்தார், காலைத் தொங்கவிட்டார், பாதி எழுந்து, இடது கையை அவளுடைய கழுத்துக்குப் பின்னால் போட்டுக் கனத்தை அப்படியே அவள் மேல் இறக்கப்போனார். அவருடைய உள்ளங்கை அவளுடைய அந்தப்பக்கத்து இடது தோளைத் தொடவில்லை, தொட இன்னும் ஒரு விரற்கடை இருந்தது. அதற்குள் அந்தத் தோள் இறுகியது. அவளுடைய மூச்சு நின்றது. முகத்தில் ஒன்றும் இல்லை, "ம், எந்திரிங்க" என்றுதான் வாய் சொன்னது. ஆனால் தோள் பின்வாங்கி, சேலைக்கு அடியில் கல்லைப் போலக் காத்திருந்தது.

நடிக்கிறவர்களுக்குத் தொட்ட பிறகுதான் வலிக்கும். தொடுவதற்கு முன்னால் வலிப்பது வேறு சாதி. அதைப் பாசாங்கு செய்யத் தெரிந்த ஒருவரைக்கூட அவர் பார்த்ததில்லை, ஏனென்றால் அதை உடம்பு மனிதனைக் கேட்காமல் செய்கிறது. தம் உடம்பு ஏழு வருஷம் செய்தது. முப்பது வருஷம் அவரை அனுப்பியதெல்லாம் இல்லாத வலியைக் காட்டுகிறவர்களைப் பிடித்துவர. இருக்கிற வலியை மறைக்கிறவர்களைப் பிடித்துவா என்று எந்தக் கம்பெனியும் சொன்னதில்லை, அப்படிப்பட்டவர்களால் கம்பெனிக்கு நஷ்டமும் இல்லை. எத்தனை நாளாக? வலது பக்கம் நின்று நின்று, அந்த இடது தோளில் ஒரு முழு மனிதனைத் தூக்கித் தூக்கி... அதில் மூன்று வாரம் தூக்கவே வேண்டாத மனிதன். கை அந்தரத்தில் நின்றது. அதைக் கீழே இறக்க ஒரு வழிதான் இருந்தது. ஆறு என்று சொன்னால் நாளைக்கும் அதே தோள், நாளன்றைக்கும் அதே தோள். அவர் கையை எடுத்துக் கட்டிலில் ஊன்றினார். யாரையும் பிடிக்காமல் எழுந்து நின்றார்.

"ஏங்க!" என்றாள் உலகம்மாள்.

பியூலா அவரையும் அவளையும் பார்த்துவிட்டுப் பேனாவைத் திறந்தாள். "கடைசியா ஒருதடவ சொல்லுங்க சார். பத்துக்கு எத்தன?"

"ரெண்டு."

"போன தடவ ஆறு சொன்னீங்களே?"

"அது சும்மா சொன்னதும்மா. மூணு வாரமாவே ரெண்டுதான். அடிச்சிட்டு எழுதிக்கிடுங்க."

உலகம்மாள் அவர் நிற்பதை மேலிருந்து கீழ்வரை பார்த்தாள், வழக்கமாக அவர் மற்றவர்களைப் பார்க்கிற பார்வை. "மூணு வாரமா," என்றாள், குரல் ஏறாமல். "மூணு வாரமா நல்ல இடுப்ப வச்சிக்கிட்டு என் மேல தொங்கிக்கிட்டு வந்திருக்கீங்க."

"ஆமா."

"நேத்து மாடிப்படியில?"

"நேத்தும்தான்."

"எதுக்கு?"

காலிப் பெட்டியாக இருந்தால் உன் தம்பி சொன்னது சரி என்று ஆகிவிடும் என்பதற்காக, என்று சொல்ல வாயெடுத்தார். அதை அவளிடம் எப்படிச் சொல்வது? எப்படிச் சொன்னாலும் அவள் திட்டுவாள், திட்டும்போது இடது கையை ஆட்டாமல் திட்டுவாள், இப்போதும் பாருங்கள், பையை வலது கையிலேயே வைத்துக்கொண்டு முழங்கையை இடுப்போடு ஒட்டி நிற்கிறாள், ஒரு குடும்பத்தையே தூக்கி நிறுத்தியவள் ஒரு கையைத் தூக்க முடியாமல் நிற்கிறாள், இதைப் பார்க்க ஓர் அதிகாரி வேண்டுமா? "உன் தோளு எப்பம் இருந்து இப்பிடி?" என்றார்.

"என் தோளுக்கு என்ன? பேச்ச மாத்தாதீங்க."

"அப்ப கையத் தூக்கு பாப்போம்."

"எதுக்குத் தூக்கணும்? நான் என்ன டிரில் மாஸ்டரா?" அவள் கண் கலங்கியது, கோபத்தாலா வேறு எதனாலா என்று அவருக்குத் தெரியவில்லை, வாழ்க்கையில் முதல்முறையாகத் தெரிந்துகொள்ளவும் அவசரம் இல்லை.

வாசலில் டாக்டர் ஜமாலின் ஷூ சத்தம் கேட்டது. அவர் உள்ளே வந்து, குற்றாலிங்கம் தனியாக நிற்பதைப் பார்த்துப் புருவத்தை உயர்த்தினார். முகத்தில் நிஜமான ஆவல் இருந்தது; கடைசி நிமிஷம் வரை அவருக்கும் உண்மையிலேயே தெரியாமல்தான் இருந்திருக்கிறது. "பரவாயில்லையே சார்! இப்பதான் பாத்துட்டு வாரேன், உங்களுக்கு வச்சது எந்த மெஷின்னு சொல்லட்டுமா?"

"அது அப்புறம் டாக்டர். எதுவா இருந்தாலும் இருந்துட்டுப் போகட்டும். முதல்ல இவ இடது தோளப் பாருங்க. கைய மேல தூக்க முடியல. ராத்திரி தூக்கமும் கெடையாது."

டாக்டர் திரும்பினார். உலகம்மாள் முந்தானையை இழுத்துத் தோளை மூடிக்கொண்டு, விருந்தாளியிடம் சிரிக்கிற மாதிரி சிரித்தாள். "எனக்கு ஒண்ணுமில்ல டாக்டர். அவரு சும்மா சொல்லுதாரு."

"பொய் சொல்லுதா டாக்டர்" என்றார் குற்றாலிங்கம்.